மார்க்கேஸின் கையொப்பத்துக்கு ஒன்றே முக்கால் இலட்சம் கொடுக்கலாமா?

கேள்வி: நான் ஓய்வுபெற்ற ஆங்கில ஆசிரியை. திருகோணமலை திருக்கடலூரில் கடலைப் பார்த்தபடி இருக்கிற வீடு எங்களுடையது. மொழிபெயர்ப்பு நாவல்கள் என்றால் எனக்குப் பைத்தியம். கையில் கொஞ்சம் காசு இருக்கிற இந்த நேரத்தில், கையொப்பமிட்ட முதற்பதிப்புகளைச் சேர்க்க ஆசைப்படுகிறேன். கார்சியா மார்க்கேஸின் 'ஒன் ஹன்ட்ரட் இயர்ஸ் ஆஃப் சொலிட்யூட்' ஆங்கில முதற்பதிப்பு, அவருடைய கையொப்பத்தோடும் சான்றிதழோடும் இருக்கிறது என்று இணையத்தில் ஒருவர் ஒன்றே முக்கால் இலட்சம் ரூபா கேட்கிறார். படங்களை இணைத்திருக்கிறேன். வாங்கலாமா? காலமாகிப்போன அண்ணரின் புத்தகப் பெட்டி ஒன்றும் என்னிடம் இருக்கிறது. மாஸ்கோவில் அச்சான தமிழ்ப் புத்தகங்கள் கொஞ்சம், ஈழத்துக் கவிதைகளின் ஆங்கில மொழிபெயர்ப்பு ஒன்று. அதில் மொழிபெயர்ப்பாளர் அண்ணரின் பெயரை எழுதிக் கையொப்பம் வைத்திருக்கிறார். அந்தக் கவிஞர்களில் சிலரோடு அண்ணருக்குக் கடிதத் தொடர்பு இருந்தது. 'மொழிபெயர்ப்பாளரின் கையெழுத்தை யார் காசு கொடுத்து வாங்குவான்?' என்கிறான் மகன். உப்புக்காற்றில் இவற்றை எப்படிப் பாதுகாப்பது என்பதையும் சொல்லுங்கள்.

பதில்:

ரீச்சர், அந்தப் புத்தகத்தை வாங்க வேண்டாம். பேரம் பேசியும் வாங்க வேண்டாம்.

கையொப்பத்துக்குப் போகும் முன் புத்தகத்தைப் பார்ப்போம். நீங்கள் அனுப்பிய படத்தில் மேலுறையின் உள்மடிப்பு தெளிவாகத் தெரிகிறது. அமெரிக்காவில் கடைக்கு வந்த பிரதி என்றால் அங்கே விலை அச்சிட்டிருக்கும். பரிசு கொடுப்பவர்கள் சில நேரம் அந்த மூலையை வெட்டிவிடுவார்கள். இதில் விலையும் இல்லை, மூலை வெட்டுப்படவும் இல்லை. அப்படியென்றால் இது பெரும்பாலும் புத்தகக் கழகப் பதிப்பு, அதாவது உறுப்பினர்களுக்குத் தபாலில் அனுப்புவதற்காக மலிவாக அச்சிட்டது. பின்னட்டையின் கீழ்மூலையில் சின்னக் குழி மாதிரி ஓர் அழுத்தம் தெரிந்தால் சந்தேகமே வேண்டாம். விற்பவர் பின்னட்டையைப் படம் பிடிக்கவே இல்லை என்பதைக் கவனித்தீர்களா?

இன்னொரு அடையாளமும் உண்டு. கிரெகரி ரபாசாவின் மொழிபெயர்ப்பு 1970இல் நியூயார்க்கில் ஹார்ப்பர் அண்ட் ரோ வெளியீடாக வந்தது. முதல் அச்சின் மேலுறையில், முன் உள்மடிப்பின் முதல் பத்தி ஆச்சரியக்குறியோடு முடியும். பிறகு அதை முற்றுப்புள்ளியாக மாற்றிவிட்டார்கள். உங்கள் படத்தில் இருப்பது முற்றுப்புள்ளி. முதல் அச்சில் கடைசிப் பக்கத்தில், எத்தனையாவது அச்சு என்று காட்டுகிற எண் வரிசையும் இருக்காது. ஒரு ஆச்சரியக்குறிக்காக ஆட்கள் ஆயிரக்கணக்கான டொலர் கூடுதலாகக் கொடுக்கிறார்கள் என்றால் நம்மவர்கள் சிரிப்பார்கள். ஆனால் இந்தத் துறை அப்படித்தான் நடக்கிறது. உள்ளே வந்துவிட்டால் நீங்களும் பூதக்கண்ணாடியும் கையுமாகத்தான் திரிவீர்கள்.

இனிக் கையொப்பம். மார்க்கேஸுக்கு 1982இல் நோபல் கிடைத்தது, 2014 ஏப்ரலில் காலமானார். கேட்டவர்களுக்குத் தாராளமாகக் கையெழுத்துப் போட்டவர், சில பிரதிகளில் கூடவே ஒரு பூவும் வரைந்திருப்பார். அதனால் உண்மையான பிரதிகள் உலகத்தில் நிறைய இருக்கின்றன. போலிகளும் நிறைய. உங்களுக்கு வந்திருப்பது போலிதான் என்று படத்தை வைத்து நான் அடித்துச் சொல்லவில்லை. அது உண்மையானது என்பதற்கு விற்பவர் ஒரு ஆதாரமும் தரவில்லை, எனக்கு அது போதும். சான்றிதழைப் பெரிதாக எடுக்காதீர்கள். ஒரு கணினியும் ஒரு பிரிண்டரும் இருந்தால் யாரும் அச்சடிக்கலாம். ஆதாரம் என்பது வேறு: புத்தகம் யாரிடமிருந்து யாருக்கு வந்தது, எந்த ஊரில் எந்த நிகழ்ச்சியில் கையெழுத்தானது, அப்போதைய அழைப்பிதழ், கடிதம், பற்றுச்சீட்டு ஏதாவது இருக்கிறதா என்ற விவரங்கள். இவை இல்லாத இடத்தில் விற்பவரின் பெயர்தான் ஆதாரம். பழம்புத்தக வணிகர்களுக்கு ஒரு சர்வதேசக் கூட்டமைப்பு இருக்கிறது. அதன் உறுப்பினராக உள்ள வணிகர் புத்தகம் உண்மையானது என்று எழுத்தில் பொறுப்பேற்பார், போலி என்று தெரிந்தால் காசைத் திருப்பித் தருவார். விலை கூடத்தான் இருக்கும். அந்தக் கூடுதல் காசு பொறுப்பேற்பதற்கான விலை.

நேரில் பார்க்கக் கிடைக்கிற கையொப்பத்தை நீங்களே ஓரளவுக்குச் சோதிக்கலாம். பிரதான வீதியில் தெரிந்த நகைக்கடைக்காரரிடம் கல் பார்க்கும் கண்ணாடியைக் கொஞ்ச நேரம் கேட்டு வாங்குங்கள். கோடு சின்னச் சின்னப் புள்ளிகளாகத் தெரிந்தால் அது அச்சு. கோடு முழுக்க ஒரே அழுத்தமாக, தொடக்கமும் முடிவும் மொட்டையாக இருந்தால் இயந்திரப் பேனை போட்டதாக இருக்கலாம். மனிதக் கை எழுதும்போது வேகம் மாறும், மை சில இடத்தில் மெலியும், சில இடத்தில் தேங்கும். கையெழுத்து புத்தகத்தின் தாளிலேயே இருக்கிறதா, தனிச்சீட்டில் போட்டு ஒட்டியிருக்கிறதா என்றும் பாருங்கள். ஒட்டுச்சீட்டும் உண்மையானதாக இருக்கலாம், ஆனால் மதிப்புக் குறைவு. எழுத்தாளர் அந்தப் புத்தகத்தைக் கையால் தொட்டார் என்பதற்கு அது சாட்சியில்லை.

மொழிபெயர்ப்புகளைச் சேர்ப்பவருக்கு ஒரு தனிச் சிக்கல் உண்டு. எது முதற்பதிப்பு? மார்க்கேஸின் நாவலுக்கு ஸ்பானிய மொழியில் 1967இல் புவெனஸ் அயர்ஸின் சுதாமெரிகானா வெளியிட்டதுதான் மூல முதற்பதிப்பு. ஆங்கிலத்தில் 1970. தமிழில் சுகுமாரன், ஞாலன் சுப்பிரமணியன் மொழிபெயர்ப்பில் 'தனிமையின் நூறு ஆண்டுகள்' காலச்சுவடு வெளியீடாக 2013இல் வந்தது. மூன்றும் முதற்பதிப்புகள்தான். எந்த மொழியில் முதல் என்று சொல்லாமல் 'முதற்பதிப்பு' என்று மட்டும் விளம்பரம் செய்கிறவரிடம் கொஞ்சம் எச்சரிக்கையாக இருங்கள்.

சில புத்தகங்களில் மொழிபெயர்ப்பே மூலத்தை முந்திவிட்டது. பாஸ்டர்நாக்கின் 'டாக்டர் ஷிவாகோ'வை சோவியத் ஒன்றியத்தில் அச்சிட விடவில்லை. கையெழுத்துப் பிரதி இத்தாலிக்குப் போய், மிலான் நகரத்தில் ஃபெல்ட்ரினெல்லி 1957 நவம்பரில் இத்தாலிய மொழிபெயர்ப்பை வெளியிட்டார். உலகம் அந்த நாவலை முதன்முதலாகப் புத்தகமாகப் பார்த்தது அந்த மொழியில்தான். மிலன் குந்தேராவின் 'தாள முடியாத இருத்தலின் இலேசு' செக் மொழியில் எழுதப்பட்டது. ஆனால் 1984இல் பிரெஞ்சிலும் ஆங்கிலத்திலும் வந்த பிறகு, 1985இல்தான் செக் பதிப்பு வந்தது, அதுவும் கனடாவின் டொரொன்டோவிலிருந்து. முரகாமியின் 'நார்வீஜியன் வுட்' இன்னொரு வகை. ஆல்ஃபிரட் பிர்ன்பாமின் ஆங்கில மொழிபெயர்ப்பை 1989இல் கோடன்ஷா, ஜப்பானில் ஆங்கிலம் படிக்கிறவர்களுக்காகச் சிறிய இரண்டு பாகமாக வெளியிட்டது. வெளிநாட்டில் விற்பனைக்கு விடவில்லை. வெளியுலகத்துக்கு ஜே ரூபினின் மொழிபெயர்ப்பு 2000இல்தான் வந்தது. அதனால் அந்தச் சின்னப் புத்தகங்களைச் சேகரிப்பவர்கள் தேடித் தேடி வாங்குகிறார்கள். மொழிபெயர்ப்புச் சேகரிப்பில் எனக்குப் பிடித்ததே இதுதான். புத்தகம் எந்த வழியாக, எந்தத் தடையைத் தாண்டி வந்தது என்பது அட்டையிலும் அச்சு விவரத்திலும் எழுதியிருக்கும்.

பரிசு பெற்ற புத்தகங்களுக்கு ஒரு சின்னச் சோதனை போதும். ஹான் காங்கின் 'தி வெஜிடேரியன்' டெபோரா ஸ்மித் மொழிபெயர்ப்பில் 2015இல் லண்டனில் வந்தது, சர்வதேச புக்கர் கிடைத்தது 2016இல். கீதாஞ்சலி ஸ்ரீயின் 'டூம் ஆஃப் சாண்ட்' டெய்சி ராக்வெல் மொழிபெயர்ப்பில் 2021இல் வந்தது, பரிசு 2022இல். எனவே அட்டையிலேயே 'புக்கர் வென்றது' என்று அச்சிட்டிருந்தால் அது முதல் அச்சாக இருக்க வழியில்லை. பிறகு ஒட்டிய வில்லை என்றால் வேறு கதை.

இப்போது உங்கள் மகனின் கேள்விக்கு வருகிறேன். மொழிபெயர்ப்பாளரின் கையெழுத்தை யார் வாங்குவான்? விவரம் தெரிந்தவர்கள் வாங்குகிறார்கள், இன்னும் மலிவாகவே வாங்குகிறார்கள். 2016இலிருந்து சர்வதேச புக்கர் பரிசுத் தொகையான 50,000 பவுண் எழுத்தாளருக்கும் மொழிபெயர்ப்பாளருக்கும் சரிபாதி. அதற்குப் பிறகு இரண்டு பேரும் ஒரே மேசையில் இருந்து கையொப்பமிடுவது வழக்கமாகிவிட்டது. இரண்டு கையெழுத்தும் உள்ள பிரதியைத் தேடுகிற ஆட்களும் கூடியிருக்கிறார்கள். 2025இல் பானு முஷ்தாக்கின் கன்னடக் கதைகளுக்குப் பரிசு கிடைத்தபோது மொழிபெயர்ப்பாளர் தீபா பஸ்தியின் பெயரும் சேர்ந்தே பேசப்பட்டது.

பழைய தலைமுறையில் அப்படியில்லை. ரபாசாவை எடுங்கள். அவருக்கு நேரம் கிடைக்கும்வரை காத்திருக்கச் சொல்லி மார்க்கேஸுக்கு ஆலோசனை சொன்னவர் அர்ஜென்டின எழுத்தாளர் கோர்த்தாசார். மார்க்கேஸும் காத்திருந்தார், பிறகு அந்த ஆங்கிலத்தை வாய்நிறையப் புகழ்ந்தார். அப்படிப்பட்ட மனிதரிடமே கையெழுத்துக் கேட்டு வரிசையில் நின்றவர்கள் குறைவு. 2016இல் அவர் காலமானார், இனிப் புதிதாக ஒன்றும் வராது. அதே ஆண்டில்தான் லக்ஷ்மி ஹோம்ஸ்ட்ரோமும் காலமானார். அம்பை, பாமா, சல்மா, நம்முடைய சேரன் எனத் தமிழின் முக்கியமானவர்களை ஆங்கிலத்துக்குக் கொண்டுபோனவர் அவர். பாமாவின் 'கருக்கு' 2000இல் அவர் மொழிபெயர்ப்பில் வந்தது. அந்த முதற்பதிப்பில் பாமாவும் அவரும் சேர்ந்து கையொப்பமிட்ட பிரதி ஒன்று கிடைத்தால் நான் அந்த மார்க்கேஸைத் திரும்பியும் பார்க்க மாட்டேன். இதில் ஒரு வசதியும் இருக்கிறது. மொழிபெயர்ப்பாளரின் கையெழுத்தைப் போலியாகப் போட யாரும் மினக்கெடுவதில்லை, அதில் அவர்களுக்கு இலாபமில்லை.

அண்ணரின் பெட்டியில் உள்ள கவிதைப் புத்தகத்தின் பெயரை இங்கே வேண்டுமென்றே எழுதவில்லை. எழுதினால் அடுத்த கிழமை உங்கள் வாசலில் யாராவது வந்து நிற்பார்கள். உங்களிடம் இருப்பதில் விலைமதிப்பான புத்தகம் அதுதான். பெயர் எழுதாத வெறும் கையொப்பத்துக்குத்தான் விலை கூட என்று சில வணிகர்கள் சொல்வார்கள். பிரபலமான சமகால எழுத்தாளர்கள் விஷயத்தில் அது ஓரளவு உண்மை, யாருக்கும் மறுபடி விற்கலாம் என்பதால். ஆனால் பெறுபவரும் அந்த இலக்கியத்தோடு தொடர்புள்ளவர் என்றால் கணக்கு மாறிவிடும். உங்கள் அண்ணர் அந்தக் கவிஞர்களில் சிலரோடு கடிதத் தொடர்பு வைத்திருந்தார் என்று எழுதியிருக்கிறீர்கள். அந்தக் கடிதங்களைத் தேடி எடுங்கள். கடிதமும் புத்தகமும் ஒன்றுக்கொன்று சாட்சி. ஆனால் கடிதத்தைப் புத்தகத்துக்குள் செருகி வைக்காதீர்கள். பத்திரிகை நறுக்குகள் இருந்தால் அவற்றையும் வெளியே எடுத்துவிடுங்கள். பத்திரிகைத் தாளின் அமிலம் பக்கத்தில் பழுப்புச் சதுரமாக இறங்கிவிடும். வேறு உறையில் போட்டு, எந்தப் புத்தகத்தில் எந்தப் பக்கத்தில் இருந்தது என்று பென்சிலால் குறித்து வையுங்கள்.

மாஸ்கோ புத்தகங்களில் கையொப்பம் தேட வேண்டாம். முன்னேற்றப் பதிப்பகமும் பின்னால் ராதுகாவும் வெளியிட்டவை அவை. ரா. கிருஷ்ணையா மொழிபெயர்த்த டால்ஸ்டாயின் 'புத்துயிர்ப்பு', பூ. சோமசுந்தரம் மொழிபெயர்த்த ஐத்மாத்தவின் 'அன்னை வயல்' போன்றவை நம் வீடுகளுக்கு மலிவு விலையில் வந்து சேர்ந்தவை. மொழிபெயர்த்தவர்கள் மாஸ்கோவில் இருந்து வேலை செய்தவர்கள், புத்தகம் அங்கே அச்சாகி இங்கே வந்தது. வாசகனும் மொழிபெயர்ப்பாளரும் சந்திக்க வழியே இருக்கவில்லை. கையொப்பமுள்ள பிரதி எங்காவது தலைகாட்டினால் அது அபூர்வம்தான். அச்சு விவரத்தில் 'முதற் பதிப்பு' என்று இருக்கிறதா, ஆண்டு என்ன, மேலுறை இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். மேலுறையோடு இருப்பதைத் தனியாக எடுத்து வையுங்கள்.

சரி, அப்படியானால் அந்தக் காசில் எதைச் சேர்க்கலாம்? நான் உங்கள் இடத்தில் இருந்தால் இலங்கைக்குள்ளேயே தொடங்குவேன். திருகோணமலைக்கு இதில் ஒரு உரிமையும் இருக்கிறது. இந்த ஊர் இன்னாசித்தம்பி 1891இல் வெளியிட்ட 'ஊசோன் பாலந்தை கதை', ஐரோப்பாவில் வழங்கிய பழைய வீரக்கதை ஒன்றைத் தழுவி எழுதியது. ஈழத்தின் ஆரம்ப நாவல்களைப் பற்றிப் பேசுகிறவர்கள் அதைத் தாண்டிப் போக முடியாது. முதற்பதிப்பு உங்களுக்கோ எனக்கோ கிடைக்கும் என்று எதிர்பார்க்காதீர்கள். யாராவது ஒரு பழைய பிரதியோடு வந்தால், விலை பேச முன்னர், ஈழத்து நூல்களை மின்வடிவில் சேமிக்கிற நூலகம் நிறுவனத்தாரிடம் சொல்லி மின்வருடிவிடுங்கள். சுவாமி விபுலாநந்தர் இந்த ஊர் இந்துக் கல்லூரியை நடத்தியவர். ஷேக்ஸ்பியர் நாடகங்களை ஆராய்ந்து, பகுதிகளைத் தமிழில் தந்த 'மதங்க சூளாமணி' 1926இல் வந்தது. விவேகானந்தரின் சொற்பொழிவுகளையும் தமிழாக்கினார். அவருடைய மாணவர்களின் குடும்பங்கள் இன்னும் இங்கே இருக்கின்றன. பழைய அலுமாரிகளில் அவர் கையெழுத்து இருக்க வாய்ப்புண்டு. தாகூர்கூட 1922, 1928, 1934 என மூன்று முறை இலங்கைக்கு வந்து போனவர். அவர் தாமே ஆங்கிலமாக்கிய 'கீதாஞ்சலி'யின் 1912 லண்டன் முதற்பதிப்பு 750 பிரதிதான், அதிலும் 250தான் விற்பனைக்கு வந்தது. யாராவது 'தாகூர் கையொப்பம்' என்று கொண்டுவந்தால் ஆண்டைப் பாருங்கள். பெரும்பாலும் 1913க்குப் பிந்திய மாக்மில்லன் மறு அச்சாகத்தான் இருக்கும். கையொப்பம் உண்மை என்றால் அதுவும் மோசமில்லை.

ஆனால் உண்மையில் கைக்கு எட்டக்கூடியது சிங்களம், தமிழ் இரண்டுக்கும் இடையிலான மொழிபெயர்ப்புகள்தான். மார்ட்டின் விக்கிரமசிங்கவின் 'கம்பெரலிய'வை எம். எம். உவைஸ் 'கிராமப் பிறழ்வு' என்று தமிழுக்குக் கொண்டுவந்தார். எம். ரிஷான் ஷெரீப், சுநேத்ரா ராஜகருணாநாயகவின் நாவலை 'அம்மாவின் ரகசியம்' என்று தந்தார். இந்த வகையில் முதற்பதிப்புகள் சில நூறு பிரதிகளோடு முடிந்துவிடுவது சாதாரணம். மறுபதிப்பு வராமலே போனவையும் உண்டு. விலையோ ஒரு நேரச் சாப்பாட்டுக் காசு. வேறு மொழிக்காரர் யாரும் இதற்குப் போட்டியாக வரப்போவதில்லை. இரண்டு மொழியும் தெரிந்த அயலவர் திருகோணமலையில் எத்தனை பேர்! மூலத்தையும் மொழிபெயர்ப்பையும் சோடியாகச் சேர்க்க இதைவிட நல்ல ஊர் இல்லை.

இதற்கு இணைய ஏலம் தேவையில்லை. நூல் வெளியீட்டு விழாவுக்குப் போங்கள். முதற்பிரதி, சிறப்புப் பிரதி என்று மேடையில் கொடுக்கிற பிரதிகள் அடுத்த தலைமுறையில் பழைய புத்தகக்காரரிடம்தான் போய்ச் சேர்கின்றன. அழைப்பிதழையும் வாங்கி வையுங்கள், நான் மேலே சொன்ன ஆதாரம் அதுதான். செப்டெம்பரில் கொழும்பு பண்டாரநாயக்க மண்டபத்தில் நடக்கிற சர்வதேசப் புத்தகக் கண்காட்சியில் மொழிபெயர்ப்பாளர்களை நேரில் பிடிக்கலாம். கொழும்புக்குப் போகிற நாளில் மருதானைப் பக்கம் டி. ஆர். விஜேவர்தன மாவத்தை பழைய புத்தகக் கடைகளில் ஒரு மணித்தியாலம் செலவழியுங்கள். கையொப்பம் கேட்கும்போது தலைப்புப் பக்கத்தில், ஊரும் திகதியும் சேர்த்துப் போடச் சொல்லுங்கள். நல்ல மைப்பேனையைக் கையோடு கொண்டுபோங்கள். வெள்ளைத் தாளில் ஊறுகிற மார்க்கர் வேண்டாம்.

தமிழ்ப் பதிப்புகளில் கவனிக்க ஒன்று இருக்கிறது. நம் பதிப்பாளர்கள் மறு அச்சையும் 'இரண்டாம் பதிப்பு' என்றே போடுவார்கள், அதனால் குழப்பம் குறைவு. ஆனால் இப்போது தேவைக்கேற்ப ஐம்பது, நூறு என்று அச்சடிக்கிற காலம். பல தடவை அச்சான பிறகும் 'முதற்பதிப்பு' என்ற வரி மாறாமலே கிடக்கும். புதிய புத்தகம் என்றால் வெளிவந்த மாதத்திலேயே வாங்கி, பற்றுச்சீட்டை வைத்திருங்கள்.

கடைசியாக உப்புக்காற்று. திருக்கடலூரில் எதிரி உப்பு மட்டுமில்லை. மாரியில் வருகிற ஈரம்தான் பெரிய எதிரி. உப்பு அந்த ஈரத்தைத் தாளில் பிடித்து வைத்துவிடும். கடல் பக்கச் சுவரில் அலுமாரியைச் சாய்க்காதீர்கள். உள்சுவரோரமாக, சுவரிலிருந்து நாலு விரல் தள்ளி வையுங்கள், கீழ்த்தட்டைத் தரையிலிருந்து உயர்த்துங்கள். கறையானும் வெள்ளமும் கீழேயிருந்துதான் வரும். ஈரமானி ஒன்று வாங்குங்கள், பெரிய விலையில்லை. 60 சதவீதத்தைத் தாண்டினால் பூஞ்சணம் வரப் பார்க்கும், 50ஐ ஒட்டி வைத்திருப்பது நல்லது. ஐப்பசியிலிருந்து தை வரை அலுமாரியை மூடி, சிலிக்கா ஜெல் பைகளை வைத்து, அவை நிறம் மாறினால் காயவைத்து மறுபடி போடுங்கள். கச்சான் காற்று அடிக்கிற மாதங்களில் காலையில் கதவைத் திறந்து காற்றாட விடுங்கள். வெயிலில் மட்டும் காயப்போடாதீர்கள், மேலுறையின் சிவப்பு நிறம்தான் முதலில் போகும். பூச்சி உருண்டை வேண்டாம், வாசம் தாளை விட்டுப் போகவே போகாது. வேப்பிலை போடுவது என்றால் துணியில் கட்டி ஓரமாக வையுங்கள், பக்கங்களுக்கு நடுவே வைத்தால் கறை.

பூச்சி விழுந்த புத்தகத்தைப் பொலித்தீன் பையில் காற்றுப் புகாமல் கட்டி, ஆழ்குளிர்ப்பெட்டியில் இரண்டு கிழமை வைக்கலாம். வெளியே எடுத்ததும் பையைப் பிரிக்க வேண்டாம். ஒரு நாள் கழித்து அறைச் சூட்டுக்கு வந்த பிறகு பிரியுங்கள், இல்லாவிட்டால் நீர் கோர்த்துவிடும். கிழிசலுக்குச் செலோரேப் ஒட்டுவதும் அட்டைக்கு லாமினேஷன் போடுவதும் புத்தகத்தைக் கொல்லும். மேலுறைக்குப் பொலியெஸ்டர் உறை போடுங்கள். பாடசாலைப் புத்தகத்துக்குப் போடுகிற வாசம் வருகிற பிளாஸ்டிக் கூடாது, சில வருடத்தில் அது அச்சு மையோடு ஒட்டிக்கொள்ளும்.

விற்பவருக்குப் பதில் எழுதத்தானே வேண்டும்? பின்னட்டையின் படத்தையும் கையொப்பம் எப்போது எங்கே கிடைத்தது என்ற விவரத்தையும் கேளுங்கள். பதில் வரட்டும் வராமல் போகட்டும், முற்பணம் மட்டும் அனுப்ப வேண்டாம். மார்க்கேஸ் ஒன்று அலுமாரியில் இருந்தே ஆக வேண்டும் என்றால், 2013 தமிழ் முதற்பதிப்பைத் தேடி வாங்கி, அதில் ஒரு மொழிபெயர்ப்பாளரின் கையொப்பத்துக்கு முயற்சி செய்யுங்கள். கவிதைப் புத்தகத்தின் தலைப்புப் பக்கத்தையும் அச்சு விவரப் பக்கத்தையும் பகல் வெளிச்சத்தில் படம் பிடித்து எனக்குத் தனியாக அனுப்புங்கள், எந்த அச்சு என்று பார்த்துச் சொல்கிறேன்.